நான்-பிளாக்கிங் சாக்கெட்

கேட்ட தரவு வந்து சேரும்வரை நிரல் முடங்கி நிற்காமல், இடையில் வேறு வேலை பார்க்க விடும் யுனிக்ஸ் வசதி. தாமதம் மிகுந்த இணைப்புகளில்தான் இதன் அருமை தெரியும். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடி கேபிள் தொடங்கிவைக்கப்படும்வரை போர்ட் பிளேர் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருப்பதால், அனுப்பியதற்குப் பதில் வர ஏறத்தாழ அரை விநாடி பிடிக்கும். சாதாரண சாக்கெட்டில் (நிரலின் பிணைய இணைப்பு முனையில்) ‘கனெக்ட்’ அழைத்த நிரல் அவ்வளவு நேரமும் அசையாது. பாக்கெட் தொலைந்தால் இன்னும் பல விநாடிகள்.

1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி, சாக்கெட்டுகளையும் பல இணைப்புகளை ஒருசேரக் கவனிக்கும் ‘செலக்ட்’ அழைப்பையும் தந்தது. தரவு இல்லையென்றால் அங்கே நான்-பிளாக்கிங் சாக்கெட்டில் ‘ஈவுட்பிளாக்’ என்ற பிழை வரும். சிஸ்டம் V வகை யுனிக்ஸில் நான்-பிளாக்கிங் முறையை இயக்கும் ‘ஓ_என்டிலே’ கொடியை இட்டாலோ ‘ரீட்’ சுழியைத் திருப்பும். எதிர்முனை இணைப்பை மூடினாலும் அதே சுழிதான். இன்னும் வராத தரவுக்காகக் காத்திருக்க வேண்டிய நிரல், எல்லாம் முடிந்ததென்று இணைப்பைத் துண்டித்துவிடும். கொடியின் பெயர் மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். திரும்பும் மதிப்பின் பொருள் மாறினால் நிரலின் தர்க்கமே குலையும். 1988-இல் போசிக்ஸ் தரநிலை ‘ஓ_நான்பிளாக்’ கொடியை வகுத்து, சுழிக்குப் பதில் ‘ஈஅகெய்ன்’ பிழையைத் தந்தது இத்துறையின் முக்கியமான திருத்தம்.

வேறுபாடுகள் அத்தோடு ஒழியவில்லை. சாக்கெட்டுக்கு இரண்டு பிழைகளில் எதுவும் வரலாம் எனப் போசிக்ஸ் அனுமதிப்பதால் இரண்டையும் சோதிக்க வேண்டும். ‘அக்செப்ட்’ தரும் புதிய சாக்கெட் பிஎஸ்டியில் கொடியைச் சுவீகரிக்கும், லினக்ஸில் சுவீகரிக்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் வெளிப்படையாக அமைப்பதே சரி. ‘கனெக்ட்’ தோற்றாலும் சாக்கெட் எழுதத் தயார் என்றே ‘செலக்ட்’ சொல்லும். ‘எஸ்ஓ_எரர்’ மதிப்பைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒருசேரக் கவனிப்பதற்காக 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி ‘கேகியூ’வையும், பின்னர் லினக்ஸ் ‘ஈபோல்’ வசதியையும் கொண்டுவந்தன. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. இந்தப் பிளவை மறைக்க ‘லிப்ஈவென்ட்’ போன்ற நூலகங்கள் உதவுகின்றன.

கேபிளில் சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையிலான தாமதம் சில பத்து மில்லிவிநாடிகளாகச் சுருங்கியது. ஆனால் தளப் பெயரை முகவரியாக்கும் ‘கெட்அட்ரின்ஃபோ’ அழைப்புக்குப் போசிக்ஸில் நான்-பிளாக்கிங் வடிவம் கிடையாது. சாக்கெட்டைச் சரியாக அமைத்த நிரலும் அங்கே நின்றுவிடும். அதைத் தனி இழையில் ஓட்டுவது அல்லது ‘சி-ஏர்ஸ்’ நூலகத்தைச் சேர்ப்பது இன்றைய வழக்கம்.