இறால் ஓட்டிலிருந்து உணவு உறை

கைட்டோசான் படலத்தின் வரலாறு காளானில் தொடங்குகிறது. 1811-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகோனோ காளானைக் காரத்தில் இட்டு ஆராய்ந்தபோது, கரையாத ஒரு பொருள் மிஞ்சியது. 1823-இல் ஒகுஸ்ட் ஓடியே பூச்சிகளின் மேலோட்டிலும் அதைக் கண்டு கைட்டின் என்று பெயரிட்டார். 1859-இல் ஷார்ல் ரூஷே அதை அடர்ந்த பொட்டாஷ் காரத்தில் கொதிக்கவைக்க, பிடிவாதமான அந்தப் பொருள் நீர்த்த அமிலத்தில் கரைந்தது. கைட்டோசான் என்ற பெயர் 1894-இல்தான் வந்தது, சூட்டியவர் ஹோப்பே-செய்லர்.

அதிலிருந்து படலமும் இழையும் செய்ய 1936-இல் காப்புரிமை பெற்றவர் டியூபான்ட் நிறுவனத்தின் ஜார்ஜ் ரிக்பி. செலோபேன் தாளை அமெரிக்காவில் தயாரித்து விற்றதும் அதே நிறுவனம்தான். செலோபேனுக்கும் பின்னால் வந்த பாலித்தீனுக்கும் முன்னால் ஓட்டுப் படலம் எடுபடவில்லை.

அதை மீட்டது குப்பை என்றே சொல்ல வேண்டும். மலையாய்க் குவிந்த நண்டு, இறால் ஓடுகளுக்கு வழி தேடிய ஜப்பானில் 1971-இல் வணிக உற்பத்தி தொடங்கியது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஓட்டின் சுண்ணாம்பை எடுக்கும். நீர்த்த காஸ்டிக் சோடா புரதத்தை எடுக்கும். மிஞ்சும் கைட்டினை அடர்ந்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான். காரமும் கழுவும் தண்ணீரும் ஏராளமாகச் செலவாகும் வேலை இது. 'பசுமைப் பொருள்' என்று விளம்பரப்படுத்துவோர் இதைச் சொல்வதில்லை.

கிருமிகளை அடக்கும் குணம் பிறகே கவனம் பெற்றது. கைட்டோசான் பல பூஞ்சைகளின் வளர்ச்சியைத் தடுப்பதை 1979-இல் ஆலனும் ஹாட்விகரும் காட்டினர். அமிலக் கரைசலில் அதன் அமினோ தொகுதிகள் நேர்மின்னேற்றம் பெறுகின்றன. பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர்மின் தன்மை உடையது. இரண்டும் ஒட்டிக்கொள்ள, செல்லின் உறை குலைந்து உள்ளிருப்பது கசிகிறது.

ஆய்வகத்தில் படலம் வார்ப்பது எளிது. ஒரு விழுக்காடு அசெட்டிக் அமிலத்தில் தூளைக் கரைத்து, நொறுங்காமலிருக்கச் சிறிது கிளிசரின் சேர்த்து, தட்டில் ஊற்றி உலரவிட்டால் லேசான மஞ்சள் நிறத் தாளாக உரிந்து வரும். கிராம்பு எண்ணெயோ, 1928-இல் பாலில் வளரும் பாக்டீரியாவில் கண்டறியப்பட்ட நைசினோ கலந்து அதன் வீரியத்தைக் கூட்டுவதும் உண்டு.

ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும் இந்தத் தாள் ஈரத்தில் ஊதித் தளர்ந்துவிடுகிறது. ஈரமான மீனுக்கும் இறைச்சிக்கும்தான் கிருமித்தடுப்பு மிகுதியாகத் தேவை என்பதால் இந்தக் குறை பெரிது. அதனால் பிற பாலிமர்களோடு கலந்தும் அடுக்காக ஒட்டியும் பார்க்கிறார்கள். பழங்களுக்கோ, தாளாக்காமல் கரைசலையே மேலே பூசிவிடுகிறார்கள்.