பாற்கிண்ணமும் எலிவளையும்

கொள்ளிடத்தின் வடகரையிலே, 1680-இல் இத்தாலியில் பிறந்து தமிழில் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் திருக்காவலூர் எனப் பெயரிட்டு அடைக்கல மாதாவுக்கு ஆலயம் கண்ட ஏலாக்குறிச்சியில் நிற்பவனுக்குச் சர்ப்பத்தைப் பற்றி இரண்டு எண்ணங்கள் எழக்கூடும். மாதாவின் பாதத்தில் மிதிபடும் பாம்பு கிறிஸ்தவச் சிற்ப மரபுக்குப் பொதுவான காட்சி. நெல் விளையும் நிலத்திலோ சாரைப்பாம்பு கூலி கேளாத காவற்காரன்.

புற்றுக்குப் பால் வார்ப்பது நம் ஜனங்களின் பழைய பக்தி. பாலைச் செரிக்கும் சக்தி பாம்புக்கு இல்லை. பாம்பாட்டியின் கூடையில் தண்ணீர் காட்டாமல் வாட்டப்பட்ட பாம்பு தாகம் தாளாமல் கிண்ணத்தில் வாய் வைத்ததைத்தான் நைவேத்தியம் ஏற்றதாக எண்ணி நாம் காசு போட்டோம். அதன் மெய்யான ஆகாரம் வரப்பிலே இருக்கிறது. கதிரை இழுத்துச் சென்று வளையில் சேமிக்கும் பருத்த வயலெலி, வெள்ளெலி, சுண்டெலி, பெருச்சாளி என்று பருமனுக்கேற்ப இரை வேறுபட, எலும்பும் தோலும் குடலிலுள்ள தானியமும் உட்பட முழுதாக விழுங்குவதே பாம்பின் போஜனம். எல்லாப் பாம்புக்கும் எலி ஒன்றே போதுமென்பதும் இல்லை: கட்டுவிரியன் பிற பாம்புகளைத் தின்னும், சுருட்டைவிரியன் தேளையும் விடாது.

பாம்பும் எலியும் வாழும் வழியைப் பரம்பரையாக அறிந்தவர்கள் இருளர் என்னும் பழங்குடியினர். தஞ்சைப் பக்கத்தில் மூங்கிலை வில்லாக வளைத்துக் கிட்டி வைத்து எலி பிடிப்பார்கள். இருளரோ அடியில் துளையிட்ட பானையில் வைக்கோலைக் கனியவைத்து, வளையின் வாயில் பொருத்தி, துளை வழியே ஊதிப் புகையை உள்ளே செலுத்துவர். மயங்கிய எலியோடு அது பதுக்கிய நெல்லும் அவர்களுக்கு உணவாயிற்று.

அதே கைகள் பாம்புத் தோலுக்காக வேட்டையாடியதும் சரித்திரமே. கூடையில் பாம்பை வைத்து வித்தை காட்டுவது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தாலும், தோல் ஏற்றுமதி 1976-ஆம் ஆண்டின் தடையாலும் விலக்கப்பட, பிழைப்பிழந்த இருளருக்காக பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகி, மாமல்லபுரத்தருகே வடநெம்மேலியில் இயங்கலாயிற்று. அங்கே மண்பானையின் வாயைத் துணியால் கட்டிப் பாம்பை வைத்து, வாரம் ஒருமுறையாக நான்குதரம் விஷம் எடுத்து, உடனே மீண்டும் பிடிபடாதிருக்க வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டி, காட்டிலே விடுகிறார்கள். அங்கே அதற்குப் பால் வார்க்க எவருமில்லை.