திருமணத்துக்கு ஓர் இடம்

முன்பெல்லாம் நாள் குறித்த பிறகுதான் திருமணத்தின் மற்ற வேலைகள் தொடங்கும். இன்று அந்த வரிசை மாறிவிட்டது. எந்த முகூர்த்தத்தில் மண்டபம் காலியாக இருக்கிறது என்று முதலில் விசாரிக்கிறார்கள். கிடைக்கும் நாட்களுக்குள் ஜாதகத்துக்கு ஒத்துவருவதைத் தேடுகிறார்கள். நாளை இடம் முடிவுசெய்கிறது. இதை நகர வாழ்க்கையின் கோளாறு என்று சலித்துக்கொள்வது எளிது. ஆனால் தமிழர் திருமண வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், இடம் எப்போதுமே அதிகாரத்தோடுதான் இருந்திருக்கிறது என்பது புலப்படும். யார் எங்கே மணம் செய்துகொள்ளலாம், யார் அங்கே வந்து நிற்கலாம் என்பது வசதியைப் பற்றிய கேள்வியாக மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை.

தீர்த்தமலையை முன்வைத்து இதைப் பேசலாம் என்று தோன்றுகிறது. தருமபுரி மாவட்டத்தில் அரூரிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலைத்தலம் அது. மேலே தீர்த்தகிரீசுவரரும் வடிவாம்பிகையும் கோயில் கொண்டிருக்கிறார்கள். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலங்களுள் ஒன்று. ராமர், குமாரர், கௌரி, அகத்தியர், அக்னி ஆகியோர் பெயரால் ஐந்து தீர்த்தங்கள் சொல்லப்படுகின்றன. இராவண வதத்துக்குப் பின் இங்கே சிவபூசை செய்ய விரும்பிய ராமர், காசியிலிருந்து நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினார் என்பது தலபுராணம். அனுமன் வரத் தாமதமானது. பூசைக்குரிய வேளை தவறிவிடக் கூடாதென்று ராமர் மலையில் அம்பெய்து நீரை வரவழைத்தார். பிறகு வந்து சேர்ந்த அனுமன் தாம் கொண்டுவந்ததை வீசியெறிய, அது விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன்தீர்த்தம். மழையை நம்பிப் பிழைக்கும் மானாவாரி நிலங்கள் சூழ்ந்த பகுதியில், பாறையிலிருந்து நீர் வடியும் ஒரு மலையைப் பற்றி இத்தகைய கதை பிறந்ததில் வியப்பில்லை.

அந்த மலையடிவாரத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்து பிள்ளையின் கல்யாணத்துக்கு இடம் யோசிப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் முன் நான்கு வழிகள் இருக்கும். வீட்டு வாசலில் பந்தல் போடலாம். மலைமேல் சன்னிதியில் தாலி கட்டிவிட்டுக் கீழே வந்து விருந்து வைக்கலாம். அரூரிலோ தருமபுரியிலோ மண்டபம் பிடிக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் எளிமையாகப் பதிந்துகொள்ளலாம். இந்த நான்கும் ஒரே பேச்சில் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. ஆனால் இவற்றின் வயது ஒன்றல்ல.

பந்தலே மூத்தது. அகநானூற்றின் 86, 136 ஆம் பாடல்கள் பழந்தமிழ்த் திருமணத்தை விரிவாகக் காட்டுவதால் ஆய்வாளர்களால் மீண்டும் மீண்டும் எடுத்துப் பேசப்படுபவை. 86 ஆம் பாடலின் காட்சி இது: வரிசையாகக் கால் நட்ட பந்தல், புதிதாகக் கொண்டுவந்து பரப்பிய மணல், விளக்கு, மாலை, உளுந்து சேர்த்துச் சமைத்த உணவு. திங்கள் உரோகிணியோடு சேரும் நல்ல வேளை. மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர், பூவும் நெல்லும் இட்ட நீரை மணமகளின் தலையில் சொரிந்து வாழ்த்துகிறார்கள். தீ வலம் வருதல் இல்லை, புரோகிதரும் இல்லை. தாலி பற்றிய பேச்சும் அந்தப் பாடலில் கிடையாது. மணச்சடங்கின் நடுவில் இருப்பது நீர்தான். இடம் என்று தனியாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. வீட்டின் முற்றத்தில் மணல் பரப்பினால் அதுவே மணமனை.

சிலப்பதிகாரத்துக்கு வரும்போது காட்சி வேறாகிறது. புகாரின் பெருவணிகர் வீட்டுத் திருமணம் அது. யானைமேல் மகளிரை ஏற்றி நகருக்கெல்லாம் மணச்செய்தி அறிவிக்கப்படுகிறது. வயிரமணித் தூண்கள் நிற்கும் மண்டபத்தில், நீலப் பட்டு விதானத்தின் கீழ் முத்துப்பந்தல். முதிய பார்ப்பனர் மறைவழி காட்ட, கோவலனும் கண்ணகியும் தீயை வலம் வருகிறார்கள். முற்றத்து மணல் மறைந்து மண்டபம் வந்துவிட்டது. செல்வமும் சடங்கும் சேர்ந்தே இடத்தை மாற்றியிருக்கின்றன. எனினும் அதுவும் குடும்பத்துக்கே உரிய மண்டபம்தான். வாடகைக்கு எடுத்த இடம் அல்ல.

‘கல்யாண மண்டபம்’ என்று நாம் இன்று சர்வசாதாரணமாகச் சொல்லும் தொடரின் கதை இன்னும் சுவையானது. வேலூர் ஜலகண்டேசுவரர் கோயிலிலும் காஞ்சி வரதராசர் கோயிலிலும் விஜயநகரக் காலத்துக் கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. 16 ஆம் நூற்றாண்டுச் சிற்பக்கலையின் உச்சங்களாகச் சொல்லத்தக்கவை. யாளிகளும் குதிரைவீரர்களும் தாங்கிநிற்கும் அந்தத் தூண்கள் மனிதர்களின் திருமணத்துக்காக எழுப்பப்பட்டவை அல்ல. இறைவனுக்கும் இறைவிக்கும் ஆண்டுதோறும் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு உரியவை. சாதாரண மக்கள் அங்கே பார்வையாளர்களாகத்தான் நின்றார்கள். அப்படி நிற்கவும் எல்லோருக்கும் உரிமை இருக்கவில்லை. தெய்வத்தின் மணத்துக்குக் கட்டிய இடத்தின் பெயர், 20 ஆம் நூற்றாண்டில் சாப்பாட்டுக்கூடமும் சமையலறையும் கொண்ட வாடகைக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தது என்றால், நடுவில் சமூகத்தில் ஏதோ பெரிதாக நகர்ந்திருக்கிறது என்றே பொருள்.

எது நகர்ந்தது என்பதை அறிய, மணமக்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். வீட்டுப் பந்தல் சொந்த விஷயம்; ஊர்வலம் அப்படியல்ல. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், இந்தியச் சாதிமுறை பற்றிய தம் நூலில், இராமநாதபுரம் பகுதியில் 1930 இலும் 1931 இலும் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது விதித்த தடைகளைப் பட்டியலிடுகிறார். முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, பொன்னகை அணியக் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலில் திருமணம் பற்றியும் விதிகள் உண்டு. மேளம் வைக்கக் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது. பல்லக்கு வேண்டுமானால் தம் வீட்டுக் கதவையே கழற்றிப் பல்லக்காகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். திருமணத்துக்கு இடம் தேடுவது குறித்து நாம் பேசும் எதுவும் அந்தக் கதவைத் தாண்டிச் செல்ல முடியாது. வீட்டுக்குள் மணம் செய்துகொள், வெளியே தெரியும்படி செய்யாதே என்பதே அந்த விதியின் சாரம்.

கோயிலும் அன்று பலருக்கு மூடியே இருந்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். ஆலயப் பிரவேசத்தைச் சென்னை மாகாணம் முழுவதற்கும் பொதுவாக்கிய சட்டம் 1947 இல் வந்தது. தீர்த்தமலை அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. தருமபுரி மாவட்டம் 1965 இல்தான் தனியாகப் பிரிந்தது. ஆக, கோயில் சன்னிதியில் தாலி கட்டலாம் என்று இன்று ஒரு குடும்பம் இயல்பாகச் சொல்வது, சாதி வேறுபாடின்றி எல்லோருக்கும் சட்டப்படி வாய்த்து நூறாண்டு இன்னும் நிறையவில்லை. மலை பழையது, அந்தப் படிகளில் எவரும் மணமக்களாக ஏறலாம் என்ற உரிமை புதியது.

கோயிலும் வேண்டாம், புரோகிதரும் வேண்டாம் என்று சொன்ன இயக்கம் இதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது. அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் 1928 மே மாதம் பெரியார் தலைமையில் நடந்தது முதல் சுயமரியாதைத் திருமணமாகக் கருதப்படுகிறது. அதன்பின் ஊர்தோறும் மேடைபோட்டு, தலைவர் பேச, மாலை மாற்றி மணங்கள் நடந்தன. மணமேடையே அரசியல் மேடையும் ஆயிற்று. ஆனால் இத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்று 1953 இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்ணா முதலமைச்சரான பிறகு, 1967 இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு எவரேனும் முன்னிலையில், மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ அது திருமணம். முன்பே நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அந்தத் திருத்தம் செல்லத்தக்கவை ஆக்கியது. இடம் எது என்று அது கேட்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது கேட்டது சாட்சியை மட்டுமே.

இதே சமயத்தில் நகரங்களில் வேறொன்று நிகழ்ந்தது. கூட்டுக்குடும்ப வீடுகள் குறைந்து, வாடகைக் குடித்தனங்கள் பெருகின. நாட்கணக்கில் நடந்த கல்யாணம் ஒன்றரை நாளுக்குள் சுருங்கியது. வழிப்போக்கர் தங்கக் கட்டிய சத்திரங்கள் கல்யாணச் சத்திரங்கள் ஆயின. 1960களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சாவியின் ‘வாஷிங்டனில் திருமண’த்தை நகைச்சுவைக்காகவே நினைவு வைத்திருக்கிறோம். தஞ்சாவூர்க் கல்யாணத்தை அப்படியே பெயர்த்து அமெரிக்கத் தலைநகரில் நடத்தலாம் என்ற கற்பனை, சொந்த வாசலோடு திருமணத்துக்கு இருந்த பிணைப்பு அறுந்துகொண்டிருந்த காலத்தில்தான் பிறந்தது. பின்னர் மண்டபங்கள் சிற்றூர்ச் சாலையோரங்களுக்கும் வந்தன. சாதிச் சங்கங்கள் கட்டியவையும் அவற்றுள் உண்டு. ஆயினும் பணம் கொடுத்தால் எவருக்கும் திறக்கும் வாசல் என்ற அளவில், மண்டபம் பலருக்கு ஒரு விடுதலையாகவே இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆடம்பரம் என்று அதைக் கண்டிக்கும்போது, சொந்தத் தெருவில் ஊர்வலம் மறுக்கப்பட்டவரின் பேரன் கண்ணாடி விளக்குகளின் கீழ் தலைநிமிர்ந்து உட்காருவதன் பொருளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதற்கு அவர் வாங்கும் கடன் வேறு கதை, அதுவும் உண்மைதான்.

இத்தனைக்குப் பிறகும் இடம் கிடைக்காத மணமக்கள் இருக்கிறார்கள். 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த ஒரு திருமணத்தைத் தொடர்ந்து, தருமபுரி மாவட்டத்தின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. இரண்டு பேர் செய்துகொண்ட மணத்துக்கு மூன்று குடியிருப்புகளின் வீடுகள் விலையாயின. இத்தகைய இணைகளுக்கு வீட்டுப் பந்தல் இல்லை, ஊரறிந்த கோயில் இல்லை, மண்டபமும் இல்லை. பதிவு அலுவலகத்துக்குப் போனாலும், 1954 இன் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும். ஒளிந்துவந்தவர்களுக்கு அது ஆபத்தான நீண்ட காலம். அதனால்தான் வழக்கறிஞர்களின் அறைகளில் 7-ஏ பிரிவின்கீழ் மணங்கள் நடந்தன. மறைவாக நடக்கும் அத்தகைய மணம் செல்லாது என்று 2014 இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2023 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. திருமணம் ஊரறிய நடந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நண்பர், உறவினர் என்ற தனிப்பட்ட நிலையில் வழக்கறிஞரும் முன்னின்று நடத்தலாம் என்பது தீர்ப்பின் சாரம்.

மறைவு எப்போதும் நல்லதல்ல என்பதற்கும் இதே மாவட்டம் சாட்சி. குழந்தைத் திருமணம் பற்றிய பேச்சில் தருமபுரியின் பெயர் இன்றும் அடிபடுகிறது. 1929 இன் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது என்று வைத்தது. 1978 இல் அது 18 ஆயிற்று, ஆணுக்கு 21. 2006 ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய மணத்தை நடத்திவைப்பவரையும் தடுக்காமல் உடன்பட்டவரையும் தண்டிக்கிறது. கோயில் அலுவலகத்தில் வயதுச் சான்று கேட்பதும், 2009 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதிவுசெய்யச் சொல்வதும் இந்த வரிசையில் வருபவை. ஆக, திருமணத்தின் வாசலில் நிற்பவர்களில் ஒருவர் தடுக்கக் கூடாது. இன்னொருவர் தடுத்தே ஆக வேண்டும். பதினாறு வயதுச் சிறுமியை மணமேடை ஏற்றாதபடியும், மனமொத்த இருவரை விரட்டாதபடியும் ஒரு சமூகம் தன் வாசலை அமைத்துக்கொள்வது எளிதல்ல.

2020 இன் ஊரடங்கு இன்னொன்றைக் காட்டியது. 50 பேருக்குமேல் கூடக் கூடாது என்றவுடன் மண்டபங்கள் பூட்டப்பட்டன, கல்யாணங்கள் நிற்கவில்லை. மொட்டைமாடிகளிலும் வாசல்களிலும் நடந்தன. பழைய பாடலின் முற்றம் சில மாதங்களுக்குத் திரும்பிவந்தது போலிருந்தது. பிறகு மண்டபங்கள் திறந்தன; நாமும் பழையபடி திரும்பிப் போனோம்.

தீர்த்தமலை அடிவாரத்துக் குடும்பத்திடம் திரும்ப வருவோம். அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சமையலுக்குத் தண்ணீர் உண்டா, வண்டி நிறுத்த இடமுண்டா என்பவையோடு முடிவதில்லை. நாம் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு யாரால் வர முடியாது? படியேற முடியாத பாட்டி இருந்தால், அடிவாரத்திலும் தீர்த்தகிரீசுவரருக்கு ஒரு கோயில் இருக்கிறது. அங்கே வைத்துக்கொள்ளலாம், தெய்வம் கோபிக்காது. காசி நீருக்காகக் காத்திராமல் அருகிலேயே நீரை உண்டாக்கிக்கொண்டதாகக் கதை சொல்லும் தலம் அல்லவா அது. ஆனால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படும் நண்பன் ஒருவன் இருந்தால், அழைப்பிதழில் பெயரிருந்தும் பந்தியில் தயங்கி நிற்கும் அண்டைவீட்டார் இருந்தால், அந்த இடம் எவ்வளவு அகலமானதாக இருந்தாலும் போதாது. அகநானூற்றுத் திருமணத்துக்குப் புதுமணலும் நீரும் வாழ்த்த நான்கு பெண்களும் போதுமாயிருந்தன. நம் பட்டியல் எவ்வளவோ நீண்டுவிட்டது. அதில் முதலில் எழுத வேண்டியது, அங்கே வந்து நிற்கப்போகிறவர்களின் பெயர்களைத்தான்.