குளச்சல் கரையில் மரச்சீனியும் சாளையும்

குளச்சல் என்றதும் வரலாற்று நூல்கள் 1741-ஆம் ஆண்டுப் போரைத்தான் சொல்லும். மிளகு வணிகத்தைக் கைக்குள் வைத்திருக்க விரும்பிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை மார்த்தாண்ட வர்மா இந்தக் கரையில் தோற்கடித்தார். அந்த மிளகு இன்றும் குமரி மாவட்டத்தில் 'நல்லமிளகு' எனப்படுகிறது. சளிக்கும் இருமலுக்கும் முதல் மருந்து அதுவே. ஆனால், இக்கரை மக்களின் பசியாற்றிய உணவின் வரலாறு போருக்குப் பின்னர் தொடங்குவது. அது மரச்சீனிக்கிழங்கின் வரலாறு.

மரச்சீனி தென் அமெரிக்கத் தாவரம். போர்ச்சுக்கீசியர் வழியாகவே மலபார்க் கரைக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. நெடுங்காலம் அது தோட்டத்து மூலையில் நின்ற செடிதான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராம வர்மா அதைப் பரவலாகப் பயிரிட ஊக்கம் தந்தார். சென்னை மாகாணத்தைச் சூறையாடிய 1876–78 பெரும்பஞ்சம் அப்போது பழைய நினைவாகிவிடவில்லை. நெல் விளையாத மேட்டு நிலத்திலும் செம்மண்ணிலும், குறைந்த மழையிலும் வளரும் கிழங்கு என்பதே அதன் சிறப்பு. கிழங்கில் நஞ்சு உண்டு என்ற மக்களின் அச்சத்தைப் போக்க, அரண்மனையிலேயே அதைச் சமைக்கச் செய்து அரசர் உண்டு காட்டினார் என்றொரு கதையும் வழங்குகிறது.

கதை எப்படியானாலும், அச்சம் பொய்யன்று. மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை நறுக்கும்போதும் உண்ட பின்னும் அது சிதைந்து சயனைடை வெளிவிடும். தோலில் இதன் அளவு மிகுதி. சூடு மட்டும் லினமாரினை அழித்துவிடாது. ஆனால் அது நீரில் எளிதில் கரையும். எனவே தோலுரித்து, சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் திறந்த பானையில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி நீங்கிவிடும். சோறு வடித்த கஞ்சித்தண்ணீரை உப்பிட்டுக் குடிக்கும் ஊரில், கிழங்கு வடித்த நீரை மட்டும் யாரும் குடிப்பதில்லை. வேதியியல் பெயர் எதுவும் தெரியாத அடுக்களைகள் இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருந்தன. அரசரின் ஊக்கத்தைவிட இந்த அறிவுக்கே பெருமை அதிகம் சேர வேண்டும்.

கிழங்கு முழு உணவாக மாறிய காலம் இரண்டாம் உலகப்போர். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. நெற்களஞ்சியமான நாஞ்சில் நாடு அருகிலேயே இருந்தும், அரிசிக்குப் பெருமளவு வெளியூரை நம்பியிருந்த திருவிதாங்கூர் தடுமாறியது. ஏழை வீடுகளில் மரச்சீனியே காலையும் இரவும் ஆனது.

இங்கேதான் கடல் துணைக்கு வருகிறது. நூறு கிராம் கிழங்கில் புரதம் ஏறத்தாழ ஒரு கிராம்தான். அதே அளவு சாளையில் இருபது கிராம் வரை உண்டு. எஞ்சும் சயனைடை உடல் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்ற, கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் தேவை. மீன் அவற்றைத் தருகிறது. தயோசயனேட் தைராய்டு சுரப்பியின் அயோடின் பயன்பாட்டைத் தடுக்கும். கடல் மீனில் அயோடினும் இருக்கிறது. தேங்காயும் சீரகமும் பூண்டும் அரைத்துச் சேர்த்து மயக்கிய கிழங்குக்குச் சாளைப் புளிமுளம் தொட்டுக்கொள்வது சுவைக்காக ஏற்பட்ட பழக்கமாகவே இருக்கலாம். பயன் அதைவிடப் பெரியது.

துணை உணவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆப்பிரிக்கா காட்டியது. 1981-இல் வறட்சி பீடித்த வடக்கு மொசாம்பிக்கில், சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரச்சீனியை மட்டுமே நம்பிய ஊர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் கால்கள் செயலிழந்தன. 'கொன்சோ' எனப்படும் அந்நோய் பெரிதும் குழந்தைகளையும் பெண்களையும் தாக்கியது.

குளச்சலுக்கும் பஞ்ச மாதங்கள் உண்டு. தென்மேற்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும்போது வள்ளங்கள் கரையேறிவிடும்; மீன் அரிதாகும். உப்பிட்டு உலர்த்திய கருவாடு அப்போது கிழங்குக்குத் துணை. மற்ற நாட்களில் கரைப் பெண்கள் மீன் கூடையைத் தலையில் சுமந்து திங்கள்சந்தை போன்ற உள்நாட்டுச் சந்தைகளுக்குச் சென்று விற்றார்கள். மேட்டுநிலத்துக் கிழங்கு கரைக்கு இறங்கியது. பறித்த கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடுவதால், அது தொலைதூர வணிகப் பொருளாகாமல் அக்கம்பக்கத்து உணவாகவே இருந்தது.

1963-இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் பல புதிய ரகங்களை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று 'ஸ்ரீ விசாகம்'. சமையலுக்கு உகந்த ரகங்களில் நஞ்சு குறைவு என்றாலும் பழைய முறை தேவையற்றதாகிவிடவில்லை. குக்கரில் சிறிது நீர் மட்டும் விட்டு வேகவைப்பதும், ஆவியில் அவிப்பதும் இன்று எளிதாக இருக்கின்றன. ஆனால் வடித்துக் கொட்ட நீர் இல்லாத அந்த முறைகளில் லினமாரினின் பெரும்பகுதி கிழங்கிலேயே தங்கிவிடுகிறது.