காலி அறையும் குட்டி நாற்காலியும்

போர் வரலாறு என்றதும் நம் கண் முன்னால் வருவது டாங்கிகள், விமானங்கள், வரைபடத்தில் நீளும் அம்புக்குறிகள், தளபதிகளின் பெயர்கள். பரீட்சையிலும் அதைத்தான் கேட்பார்கள். எந்த ஆண்டு தொடங்கியது, எந்த ஆண்டு முடிந்தது, காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து. ஆனால் அந்தப் போர் நடந்த ஆறு வருடமும் மனிதர்கள் எங்கேயோ படுத்துத் தூங்கினார்கள், எதிலோ சமைத்தார்கள், ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதினார்கள். அந்த மேசையின் வரலாற்றை யார் எழுதுவது?

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட மேசை, நாற்காலி, கட்டில்களைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், காணாமல் போன சாமான்களைக் கைக்கு அடக்கமாகச் சுருக்கி மறுபடியும் செய்து வைத்த மனிதர்களைப் பற்றியது.

டயோராமா என்றால் என்ன?

ஒரு காட்சியைச் சிறிய அளவில், முப்பரிமாணத்தில் அப்படியே செய்து வைப்பதை டயோராமா என்கிறார்கள். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டாகர் 1822-ல் பாரிஸில் ஓர் ஒளிக்காட்சி அரங்கம் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் இது. பிறகு அந்தப் பெயர் அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகளுக்கு வந்து சேர்ந்தது.

நமக்கு இது புதிதல்ல. கொலுவில் செட்டியார் பொம்மைக்கு முன்னால் அரிசி, பருப்பு குவித்துக் கடை வைக்கிறோமே, பக்கத்தில் கடுகு முளைக்க வைத்துப் பூங்கா கட்டுகிறோமே, அது மாதிரிதான். ஒரே ஒரு வித்தியாசம். கொலுப் பூங்காவில் மனிதனை விட வாத்து பெரிதாக இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். போர்க்கால டயோராமாவில் அளவுதான் எல்லாம். ராணுவ மாதிரிகள் செய்கிறவர்கள் பெரும்பாலும் 1:35 என்ற அளவில் செய்வார்கள். பொம்மை வீட்டுக்காரர்களுக்குப் பழக்கமான அளவு 1:12. ஐந்து மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1:35-ல் அது 14 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டருக்கும் குறைவான அகலம். உள்ளே ஒரு நாற்காலி செய்தால் அது கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். 1:12-ல் என்றால் அதே அறை சுமார் 42 சென்டிமீட்டர் நீளம். மேசை டிராயருக்குக் கைப்பிடி வைக்கலாம், ஜன்னலுக்குத் துணி தைக்கலாம். அதனால்தான் வீட்டுக்குள் இருக்கும் பொருட்களைக் காட்ட நினைக்கிறவர்கள் பெரிய அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஐந்துக்கு இரண்டு என்று சும்மா ஒரு கணக்குக்காகச் சொல்லவில்லை. கிட்டத்தட்ட அந்த அளவில் ஓர் அறை ஆம்ஸ்டர்டாமில் உண்மையாகவே இருக்கிறது. அதில் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் தங்கியிருந்தாள்.

பிரின்சன்கிராக்ட் 263

ஆன் ஃபிராங்கின் டைரியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டோ ஃபிராங்க் ஒரு யூத வியாபாரி. ஜாம் கெட்டியாவதற்குச் சேர்க்கும் பெக்டின் விற்கும் நிறுவனத்தை நடத்தியவர். நாஜிகள் நெதர்லாந்தைப் பிடித்த பிறகு, 1942 ஜூலை 6 அன்று தன் அலுவலகக் கட்டிடத்தின் பின்பகுதியில் குடும்பத்தோடு ஒளிந்துகொண்டார். மனைவி எடித், மகள்கள் மார்கோட், ஆன். பின்னால் வான் பெல்ஸ் குடும்பத்தினர் மூவரும், அந்த நவம்பரில் பல் மருத்துவர் ஃபிரிட்ஸ் ஃபெஃபரும் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் எட்டுப் பேர். முன்கட்டில் வியாபாரம் வழக்கம் போல நடக்க, பின்கட்டில் இவர்கள் பகல் முழுக்கச் சத்தம் காட்டாமல் வாழ்ந்தார்கள். இடையில் இருந்த கதவை மறைத்தது ஒரு புத்தக அலமாரி. கீல் வைத்து, திறந்து மூடும்படி அதைச் செய்து கொடுத்தவர் யோஹான் வோஸ்கைல். அலுவலகத்தில் வேலை பார்த்த பெப் என்ற பெண்ணின் தகப்பனார்.

டைரியை ஒரு டயோராமா செய்கிறவரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். அது வேறு புத்தகமாகிவிடும். ஜன்னல் திரைகள் கடையில் வாங்கியவை அல்ல, ஆனும் அப்பாவும் கிடைத்த துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தவை. ஆன் படுத்த திவான் ஒன்றரை மீட்டர் நீளம் கூட இல்லை. கால் நீட்டுவதற்காகக் கடைசியில் நாற்காலிகளைச் சேர்த்துப் போட வேண்டியிருந்தது. ஃபெஃபர் வந்ததும் மார்கோட் தன் இடத்தை விட்டுவிட்டுப் பெற்றோரின் அறையில் மடக்குக் கட்டிலில் படுத்தாள். மேல்தளத்தில் இருந்த பெரிய அறைதான் எல்லோருக்கும் சமையலறை, சாப்பாட்டு அறை, கூடம். இரவானால் அதுவே வான் பெல்ஸ் தம்பதியின் படுக்கையறை.

ஆனின் அறையில் ஒரு சிறிய எழுதுமேசை. இதற்காக ஆனுக்கும் ஃபெஃபருக்கும் சண்டையே நடந்தது. வாரத்தில் இரண்டு பிற்பகல் கொஞ்ச நேரம் கூடுதலாக எனக்கு வேண்டும் என்று ஆன் கேட்க, அவர் முடியாது என்று சொல்ல, விஷயம் அப்பா வரை போனது. ஒரு மேசை, இரண்டு பேர், வெளியே உலகப் போர். இந்த மேசையை மாதிரியில் ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் அந்தச் சண்டையின் அர்த்தம் மாறிவிடும் இல்லையா?

சாமான்கள் எங்கே போயின?

1944 ஆகஸ்ட் 4 அன்று அவர்கள் பிடிபட்டார்கள். கைது செய்ய வந்த அதிகாரி சில்பர்பவர் பணத்தையும் நகைகளையும் எடுத்துப் போக ஒரு பை தேடினார். ஆனின் காகிதங்கள் இருந்த தோல்பை கையில் அகப்பட்டது. காகிதங்களைத் தரையில் கொட்டிவிட்டு, பையில் நகைகளைப் போட்டுக்கொண்டார். தரையில் கிடந்தவற்றை மீப் கீஸும் பெப்பும் பிறகு பொறுக்கி எடுத்து வைத்தார்கள். விலை மதிப்பு இல்லை என்று கொட்டப்பட்டதுதான் பின்னாளில் உலகம் முழுக்கப் படித்த புத்தகம்.

அடுத்து நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நாடு கடத்தப்பட்ட யூதர்களின் வீடுகளைக் காலி செய்து, சாமான்களை ஜெர்மனிக்கு அனுப்புவது அப்போது ஒரு முறையான தொழில். நெதர்லாந்தில் மட்டும் சுமார் 29,000 வீடுகள் இப்படிக் காலி செய்யப்பட்டன. ஆம்ஸ்டர்டாமில் இந்த வேலையைச் செய்தது ஆபிரகாம் புல்ஸ் என்பவரின் லாரி நிறுவனம். வீட்டைச் சுரண்டிக் காலி செய்வதற்கு டச்சு மக்கள் அவர் பெயரிலேயே 'புல்சன்' என்று ஒரு வினைச்சொல்லை உண்டாக்கிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பின்கட்டின் சாமான்களும் அப்படித்தான் போயின.

மிஞ்சியது என்ன? பெயர்க்க முடியாதது மட்டும். சுவரில் ஆன் ஒட்டி வைத்த நடிகைகளின் படங்களும், பிற்காலத்தில் இங்கிலாந்து ராணியான எலிசபெத்தின் சிறுவயதுப் படமும். நேச நாட்டுப் படைகள் முன்னேறுவதைக் குண்டூசி குத்திப் பார்த்த நார்மண்டி வரைபடம். பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள். ஒளிந்திருந்த காலத்தில் ஆன் 13 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கிறாள் என்று அந்தக் கோடுகள் சொல்கின்றன. திவான் போய்விட்டது, அது ஏன் போதவில்லை என்பதற்கான சாட்சி சுவரில் இருக்கிறது.

எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் ஓட்டோ ஒருவர்தான். ஆனும் மார்கோட்டும் 1945-ன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்துபோனார்கள்.

ஓட்டோ எடுத்த முடிவு

1950களில் அந்தக் கட்டிடத்தை இடிக்க இருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, 1957-ல் ஓர் அறக்கட்டளை அமைந்து, 1960 மே 3 அன்று அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அறைகளில் மறுபடியும் சாமான்கள் போடலாமா என்று ஓட்டோவிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றார். போரில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள், அது அப்படியே இருக்கட்டும் என்பது அவருடைய பதில்.

ஆனால் அவரே இன்னொரு காரியமும் செய்தார். 1960களின் தொடக்கத்தில், அந்த அறைகள் எட்டுப் பேர் வாழ்ந்தபோது எப்படி இருந்தன என்று காட்டும் சிறிய மாதிரிகளைச் செய்ய வைத்தார். கட்டில், மேசை, நாற்காலி, அடுப்பு எல்லாம் அவர் சொன்ன இடத்தில் குட்டியாக வைக்கப்பட்டன. ஒளிந்து வாழ்கிறவர்கள் வீட்டைப் படம் பிடித்தா வைத்திருப்பார்கள்? அந்தத் தகப்பனின் ஞாபகம்தான் அளவுகோல்.

இது முதலில் எனக்கு முரண்பாடாகப் பட்டது. பெரிய அறையில் வேண்டாம், சின்னப் பெட்டியில் வேண்டும் என்றால் என்ன நியாயம்? யோசித்துப் பார்த்தபோது எங்கள் பாடப் புத்தகமே பதில் சொன்னது. கணக்குப்பதிவியலில் தொடக்கச் சரக்கிருப்பு, இறுதிச் சரக்கிருப்பு என்று இரண்டு உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் நடுவில் என்ன போனது என்று தெரியும். காலி அறை என்பது 1944-ன் இறுதி இருப்பு. குட்டி மாதிரி அதற்கு முந்தைய இருப்பு. உண்மையான அறையில் புதிதாகக் கட்டில் வாங்கிப் போட்டால், களவு போன கணக்கை நாமே அழித்த மாதிரி ஆகிவிடும். பார்க்க வருகிறவர், "பரவாயில்லையே, எல்லாம் பத்திரமாக இருக்கிறதே" என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். கண்ணாடிக்குள் இருக்கும் குட்டிக் கட்டில் யாரையும் அப்படி ஏமாற்றாது. நான் அசல் இல்லை என்று அதன் அளவே சொல்லிவிடுகிறது.

1999-ல் படம் எடுப்பதற்காக அந்த அறைகளில் தற்காலிகமாகச் சாமான்கள் போடப்பட்டு, பிறகு எடுக்கப்பட்டன. 2025 ஜனவரியில் நியூயார்க்கில் திறந்த கண்காட்சியில் அந்தப் பின்கட்டை முழு அளவில், சாமான்களோடு கட்டிக் காட்டினார்கள். அது வேறு ஊர், வேறு கட்டிடம். ஆம்ஸ்டர்டாமின் அறைகள் காலியாகவே இருக்கின்றன. ஓட்டோவின் சொல் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

தச்சனின் சாட்சியம்

ஆம்ஸ்டர்டாமில் சுவராவது மிஞ்சியது. அதுவும் மிஞ்சாத இடத்தில் என்ன செய்வது?

போலந்தில் டிரெப்ளிங்கா என்ற கொலை முகாமில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1943-ல் நாஜிகள் அதை இடித்து, நிலத்தைச் சமன் செய்து, பண்ணை வீடு போல மாற்றிவிட்டார்கள். தடயமே இருக்கக் கூடாது என்பது திட்டம். ஆனால் யான்கியெல் வியர்னிக் என்ற தச்சர், அதே ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று கைதிகள் நடத்திய கிளர்ச்சியில் தப்பித்துவிட்டார். முகாமின் கட்டிடங்களைக் கட்டும் வேலையை அவரிடம் கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தார்கள். எந்தச் சுவர் எங்கே, எந்தக் கதவு எந்தப் பக்கம் என்று அவர் கைக்குத் தெரியும். போருக்குப் பின் இஸ்ரேலில் குடியேறி, அந்த முகாமைச் சிறிய மாதிரியாகத் தன் கையால் மறுபடி செய்தார். 1961-ல் ஜெருசலேமில் ஐக்மன் வழக்கு நடந்தபோது வியர்னிக் சாட்சி சொன்னார். அவர் செய்த மாதிரியும் நீதிமன்றத்தில் காட்டப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். உயிருக்குப் பயந்து பெரிதாகக் கட்டியதை, உண்மையைச் சொல்வதற்காகச் சிறிதாகக் கட்டினார். அழித்தவர்கள் நிலத்தை உழுதார்கள், தச்சரின் ஞாபகத்தை உழ முடியவில்லை.

அழகு என்ற ஆபத்து

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. சின்னதாக எதைச் செய்தாலும் அழகாகிவிடும். விரல் அளவு நாற்காலியைப் பார்த்தால் யாருக்கும் முகத்தில் சிரிப்பு வரும். போரும் அப்படி ஒரு ஷோகேஸ் பொருள் ஆகிவிடலாம். பகலில் இருமலை அடக்கிக்கொண்டது, தண்ணீர் திறக்கப் பயந்தது, கீழே காலடிச் சத்தம் கேட்டால் எட்டுப் பேரும் உறைந்து நின்றது, இதெல்லாம் எந்த அட்டையிலும் ஒட்டாது.

அதற்கு ஓட்டோவின் வழிதான் மருந்து என்று நினைக்கிறேன். மாதிரியைத் தனியாகப் பார்த்தால் அழகு. அதைப் பார்த்த கண்ணோடு காலி அறைக்குள் நடந்தால், இங்கேதான் திவான், இங்கேதான் நாற்காலிகள், இங்கேதான் சண்டை போட்ட மேசை என்று ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் பெயர் வந்துவிடுகிறது. வெறும் காலி அறை பத்து வினாடியில் சலித்துப்போகும். என்ன போனது என்று தெரிந்த காலி அறையை அவ்வளவு சீக்கிரம் கடந்து போக முடியாது.

ஆகவே, யாராவது அட்டையும் பசையும் வைத்துக்கொண்டு பழைய வீடு ஒன்றைச் செய்துகொண்டிருந்தால், பொழுது போகாத வேலை என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை நாற்காலி என்று கேளுங்கள். யார் எதில் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரிந்திருந்தால், நீங்கள் பேசிக்கொண்டிருப்பது ஒரு வரலாற்று ஆசிரியரோடு.