விடிலியும் விடுதியும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் வீட்டுப்பாடம் உண்டு.

போன மாதம் திருச்செந்தூரிலிருந்து உடன்குடிப் பக்கம் போய், பனை ஏறி ஓய்ந்த ஓர் அண்ணாச்சியிடம் பேசிக்கொண்டிருந்தேன். எண்பதைத் தாண்டியவர். "இதப் புடிச்சு என்ன செய்யப் போறிய சாரே?" என்று சிரித்துக்கொண்டே பேசினார். எல்லாவற்றையும் செல்போனில் பதிந்தேன். வீட்டுக்கு வந்து, பேச்சை எழுத்தாக்கும் செயலியில் போட்டேன். "அவ விடிலில பதனி காய்ச்சுவா" என்று அண்ணாச்சி சொன்னது, "அவள் விடுதியில் பதவி" என்று வந்து நின்றது. பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பனங்காட்டில் பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கப் போடும் ஓலைக் குடிசைதான் விடிலி.

குரலைப் பிடித்துவைக்கும் வித்தையை 1877-ல் எடிசன் செய்து காட்டினார். நம் நாட்டில் கிரியர்சனின் மொழி ஆய்வை ஒட்டி, பல மொழிகளைக் கிராமபோன் தட்டுகளில் பதிந்தார்கள். அவற்றை இன்று இணையத்தில் கேட்கலாம். ஆனால், மொழிகளை ஒப்பிட வசதி என்று, பெரும்பாலும் பைபிளில் வரும் கெட்ட குமாரன் கதையையே சொல்லச் சொன்னார்கள். குரல் கிடைத்தது, பேசியவரின் சொந்தக் கதை கிடைக்கவில்லை.

சனங்களின் சொந்தப் பேச்சைத் தேடிப் போனவர்களில் அன்றைய நெல்லை மாவட்டத்துக்காரர்கள் முன்னால் நின்றார்கள். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980) ஆசிரியராக இருந்தவர். நண்பர்களோடு சேர்ந்து நாட்டுப்பாடல்களையும் கதைப்பாடல்களையும் திரட்டினார். 1969-ல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கினார். இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். அது 1982-ல் வந்தது. கொச்சை என்று ஒதுக்கிய சொல்லுக்கும் அகராதியில் இடம் உண்டு என்று காட்டியவர் அவர்.

இதையெல்லாம் படித்துவிட்டும் நான் ஒரு தப்புச் செய்தேன். 1991-ல் எங்கள் பெரியப்பாவை டேப் ரிக்கார்டர் முன்னால் ஒரு மணி நேரம் பேசவைத்தேன். உறவுகளுக்குத் தெரியும், அவரும் பனையேறிதான். பிறகு கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினேன். வாத்தியார் கை சும்மா இருக்குமா? 'விடிலி'யைக் 'குடிசை' ஆக்கினேன். 'வந்தாவ' என்பதை 'வந்தார்கள்' என்று திருத்தினேன். எழுதியாயிற்றே என்று, அதே கேசட்டில் பள்ளி ஆண்டு விழாப் பாட்டுகளைப் பதிந்துவிட்டேன். நோட்டு இன்னும் இருக்கிறது. அதில் என் தமிழ்தான் இருக்கிறது, பெரியப்பா இல்லை.

செயலி செய்ததும் இதைத்தான். தான் கேட்டுப் பழகிய பேச்சை வைத்துத்தான் அது எழுதும். விடிலியை அது கேட்டதில்லை, விடுதியைக் கேட்டிருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு பல மாவட்டங்களில் மக்களின் இயல்பான பேச்சைத் திரட்டி வருகிறது. நாளைக்கு நம் பேச்சும் அதற்குப் புரியலாம். அதுவரை நம் காதுதான் திருத்த வேண்டும். அண்ணாச்சியின் அரை மணி நேரப் பேச்சைச் சரிசெய்ய எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. ஆனால் செய்ய முடிந்தது. காரணம், இந்தத் தடவை குரலை அழிக்கவில்லை.

இனி வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை இந்த மாதமே பேசவையுங்கள். முதலில் அவர் சம்மதத்தைக் கேளுங்கள். ஃபேனை நிறுத்தி, போனை அவர் பக்கத்தில் வையுங்கள். தொடக்கத்திலேயே பேர், ஊர், தேதியைச் சொல்லிப் பதியுங்கள். அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். மூன்று இடங்களில் நகல் வையுங்கள். செயலியில் போட்டு எழுத்தாக்குங்கள், தப்பில்லை. பிறகு குரலைக் கேட்டபடியே, அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். எழுதி முடித்தாலும் குரலை அழிக்காதீர்கள். எழுத்தை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

அண்ணாச்சியின் பதிவை அவர் பேத்திக்கு அனுப்பிவிட்டேன். அவர் கேட்ட கேள்விக்கு அதுதான் என் பதில்.

எல்லாரும் நல்லா இருங்க.
உங்கள் வாத்தியார்