முதிரைப் பலகை டாஷ்போட்

திரியாய் என்றதும் வரலாற்றறிஞர்கள் கிரிகண்டி சைத்தியத்தையும் அங்குள்ள பல்லவ கிரந்தக் கல்வெட்டையும் நினைப்பர். எனக்கு நினைவில் எழுவது ஒரு மொறிஸ் மைனர். அதன் டாஷ்போட்டைப் பழையபடி 'ஒறிஜினலாக' மாற்றலாமா என்று நண்பர் அண்மையில் என்னிடம் கேட்டார்.

டாஷ்போட் என்ற சொல்லே குதிரை வண்டியிலிருந்து வந்தது. குளம்புகள் வாரியிறைக்கும் சேறு வண்டிக்காரன்மீது தெறிக்காதிருக்க முன்னே அடித்த பலகை அது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வெளிவந்தது. 1956இல் வந்த மைனர் 1000இன் டாஷ்போட் மிக எளியது: வளைத்த உருக்குத் தகடு, நடுவே ஒரேயொரு வேகமானி, இருபுறமும் பொருள் வைக்கும் அறைகள். மானி நடுவில் இருந்ததால் சுக்கான் இடப்புறமாயினும் வலப்புறமாயினும் அதே அமைப்புப் போதும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அறைகளின் உட்கூடு வெறும் அட்டை.

திரியாய்க் கடற்காற்றில் அட்டை எத்தனை மாரிக்குத் தாங்கும்? நண்பரின் தந்தையார் குச்சவெளி, நிலாவெளி வழியே திருகோணமலைக்கு வாடகைக்கு ஓட்டிய கார் அது. அட்டை உதிர்ந்தபோது மாற்றுக்கூடு கிடைக்கவில்லை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறுகிய இறக்குமதி, 1970களில் மேலும் இறுகி, 1977இற்குப் பின்னரே தளர்ந்தது. ஊர்த் தச்சர் ஒருவர் முதிரைப் பலகையில் இரு கூடுகளைச் செய்து பூட்டினார். அத்தோடு நில்லாமல் முன்னிருக்கைகளுக்கு நடுவே ஒரு பெட்டியும் அமைத்தார். தொழிற்சாலையிலிருந்து வந்த மைனரில் அப்படியொன்று இருந்ததேயில்லை. இன்று சென்ரர் கொன்சோல் என்கிறார்களே, அதுதான்! சில்லறையும் திருநீறும் அதில் கிடந்தன.

1985இல் திரியாயில் வீடுகள் எரிக்கப்பட்டன, சனங்கள் இடம்பெயர்ந்தனர். நண்பரின் குடும்பம் அந்தக் காரிலேயே வெளியேறியது. வீட்டோடு எல்லாம் போயிற்று. நடுப்பெட்டியில் வைத்த காணி உறுதி மட்டும் தப்பியது. போர் முடிந்து ஊர் திரும்பியபோது, தம் காணி இதுவென்று காட்ட அவர்களிடம் இருந்த ஒரே கடதாசி அதுதான்.

வெளிநாட்டிலுள்ள மகன் இப்போது புதுக்கூடுகள் தருவிக்க விரும்புகிறார். கிடைக்காமலில்லை. வேடிக்கை என்னவெனில், இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயரின் கூட்டுமுயற்சியால், 1990களில் இலங்கையிலேயே மைனர் உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள். நமக்குக் கிடைக்காத பொருளை நாமே செய்து அனுப்பினோம்!

கராஜில் பலகையைக் கழற்றியபோது நானும் நின்றேன். பின்புறத்தில் தச்சர் பென்சிலால் குறித்த அங்குலக் கணக்கு அப்படியே இருந்தது. அதற்கப்பால் துணிச்சுற்று உரிந்த மின்கம்பிகள். அவைதாம் உண்மையான ஆபத்து. தீப்பிடிக்க ஒரு பொறி போதும். பற்றரி இணைப்பைத் துண்டித்து அவற்றை முழுதாக மாற்றும்படியும், பலகையை அதே பித்தளைத் திருகாணிகளால் பூட்டும்படியும் சொன்னேன். நண்பர் தலையசைத்தார். மகன் இன்னும் சம்மதிக்கவில்லை.